சும்மா இருக்கும்போது கசியாதது

மாங்குளம் சந்தியில் ஞானசீலனின் கடை.
கம்பியில் கொத்தாய்த் தொங்குகின்றன பற்றரிகள்,
சார்ஜ் ஏற்றுகிறவை, ஏற்ற முடியாதவை,
ஏற்றலாம் என்று பொய் சொல்கிறவை.

ஒரு காலம் இந்தப் பக்கத்துக்கு
இது வரக்கூடாத சாமான்.
இப்போது எதை எடுப்பதென்று தெரியாமல்
அரை மத்தியானமாய் நிற்கிறேன்.

"இதில மூவாயிரம் எண்டு போட்டிருக்கு, மிஸ்.
அதில இரண்டாயிரம்தான், விலையும் கூட.
கணக்குத் தெரிஞ்ச ஆள் எதை எடுக்கும்?"

கணக்குத் தெரியும், ஞானசீலன்.
என் பையில் இருக்கும் கருவிக்கு
நாளுக்குப் பத்து நிமிடம்தான் வேலை.
மீதி நேரமெல்லாம் அது
ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே வேகிறது.
கற்சிலைமடு, முத்தையன்கட்டு, இடதுகரை,
யானை தாண்டும்வரை நான் எஞ்சினை நிறுத்திவைக்கும் வளைவு.
அப்படிச் சும்மா கிடக்கும்போது
எவ்வளவு மிச்சம் வைக்கும்?
அது உறையில் எழுதியில்லை.

போன ஐப்பசி, நல்ல மழை.
தவகௌரிக்கு முப்பத்திரண்டாம் கிழமை.
வயிற்றில் ஜெல் தடவி
கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினேன்.
வயலுக்கு அப்பால் யாரோ
தண்ணிப் பம்ப் ஓட விட்டமாதிரி
அவசரமாய் வரும் அந்தச் சத்தம்.
வந்தது.
இரண்டு, மூன்று, நாலு.
நின்றது.

"பற்றரி பிள்ளை, பற்றரிதான்.
லைற்றும் எரியேல்லை, பார்."
அவள் லைற்றைப் பார்க்கவில்லை.

மரக்குழலை வயிற்றில் வைத்துக்
காதைக் கொடுத்தேன். தகரத்தில் மழை.
தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு தட்டல்,
இன்னொன்று.
"இருக்கு" என்றேன்.
கேட்டது எனக்கு மட்டும்.
அவளிடம் இருந்தது என் முகம் மட்டும்.
ஒன்றுமில்லை, பயப்படாதே என்ற முகங்களை
அவள் முன்னரும் பார்த்திருக்கிறாள்.

மூன்று கிழமைக்கு முன் நிறைய ஏற்றிய மூவாயிரம் அது.
ஒருவருக்கும் கொடுக்காமல்
பைக்குள் இருந்தே தன்னைக் குடித்துத் தீர்த்திருந்தது.

இரண்டிலும் ஒரு சோடி வாங்கினேன்.
நகப்பூச்சால் புள்ளி வைத்தேன்,
மூவாயிரத்துக்குச் சிவப்பு, இரண்டாயிரத்துக்கு ஊதா.
ஒரு மணித்தியாலத்தில் ஏற்றிக் கை சுடவைக்கும்
பழைய சார்ஜரைத் தொடவில்லை.
ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிக்கிற புதியதில்
இரவு முழுக்க, ஆறுதலாய்.
பிறகு லாச்சிக்குள் போட்டு
நாற்பத்தைந்து நாள் மறந்திருக்கப் பார்த்தேன்.

சிவப்பு, இரண்டு தாய்மார். மூன்றாமவளில் இழுத்தது.
ஊதா, பதினேழு.
அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அலுவலகத்துக்கு எழுதிப்போட்டேன்.
கருவிக்குச் செலவுத் தலைப்பு இருக்கிறதாம்,
பற்றரிக்கு இல்லையாம்.
சம்பளத்தில் எட்டு ஊதா வாங்கினேன்.
பழையதோடு புதியதைக் கலக்காமல்
சோடி சோடியாய் ரப்பர் வளையம் போட்டேன்.

ரிமோட்டுக்கு ஊதாவில் கைவைத்தார் வீட்டுக்காரர்.
"சிவப்பை எடுங்கோ."
"மட்ச் பாதியில நிண்டால்?"
"நிக்கட்டும்."

ஒன்பதாம் மாத ஊசிக்கு
தவகௌரி பெடியனோடு வந்தாள்.
ஊசி போட்டாயிற்று, அழுது முடித்தாயிற்று,
என் பையின் வாரைப் பிடித்து இழுக்கிறான்.
அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:
"மிஸ், அண்டைக்கு உண்மையாக் கேட்டதோ,
இல்லாட்டி எனக்காகச் சொன்னனீங்களோ?"

பதில் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.
கருவியை எடுத்து
அவன் நெஞ்சில் வைத்தேன்.
ஜெல் குளிர, நெளிந்தான், சிரித்தான்.
பம்ப் ஓடியது.

வெளியே வரிசையில் பதினொரு பேர்.
அவள் தலையைச் சாய்த்துக்
கேட்டுக்கொண்டே இருந்தாள்.
நான் நிறுத்தவில்லை.